உஷார்! அடுப்பு வண்டியில் வரலாம்... நெருப்பு வரக்கூடாது!

2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று தீப்பிடித்து எரிந்தது. லக்னோவிலிருந்து கோயில் கோயிலாகத் தரிசனம் செய்துகொண்டு வந்தவர்கள் அதற்குள் இருந்தார்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் ஏற்றியிருந்த கேஸ் சிலிண்டரை வைத்துக் காலைத் தேநீருக்கு ஏற்பாடு செய்தபோதுதான் அந்தத் தீ. 9 பேர் உயிரோடு ஊர் திரும்பவில்லை.

"அது ரயில். நாம போறது நம்ம சொந்த வண்டி" என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். ஒரு ரயில் பெட்டியைவிட நம் வேனும் காரும் மிகமிகச் சிறியவை. அங்கே நடந்தது இங்கே நடக்க இன்னும் குறைவான கேஸ் போதும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. வண்டியிலேயே பாய், கூடாரம், பாத்திரம், அடுப்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மேகமலை, வால்பாறை, கொல்லிமலை, மன்னவனூர் என்று கிளம்பும் குடும்பங்கள் பெருகிவிட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் கூடாரம் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், அடுப்பை மட்டும் போகிற வழியில் கண்ணில் பட்ட கடையில், விலையை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். இது என் வயிற்றைக் கலக்குகிறது.

வாங்கும்போது மனதில் இருக்கவேண்டிய விதி ஒன்றுதான். அடுப்பு வண்டியில் வரலாம். நெருப்பு வண்டிக்குள் வரக்கூடாது. எந்த அடுப்பு, எந்த டின், எத்தனை பேருக்கு என்பதெல்லாம் இந்த விதிக்குப் பிறகுதான்.

ஒரு டின் போதும்

டின்னைப் பக்கவாட்டில் படுக்கவைத்து எரிக்கும் சின்ன அடுப்புதான் கேசட் ஸ்டவ். அதற்குப் போடும் கேஸ் டின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஹேர் ஸ்பிரே டப்பா மாதிரி சாதுவாக இருக்கும். உள்ளே 220 கிராம் அளவுக்கு பியூட்டேன், அழுத்தத்தில் திரவமாக அடைபட்டிருக்கிறது. அது முழுவதும் கசிந்து வாயுவாக விரிந்தால் ஏறக்குறைய 90 லிட்டர்.

காற்றில் பியூட்டேன் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கலந்தாலே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். ஒரு பெரிய காரின் உட்புறம் சுமார் 5,000 லிட்டர் காற்றுதான் பிடிக்கும். கணக்குப் போடுங்கள்: ஒரே ஒரு டின், ஒரு முழுக் காரையும் வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட முடியும்.

நடைமுறையில் முழு டின்கூடத் தேவையில்லை. சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாது, தண்ணீர் மாதிரி தாழ்ந்த இடம் தேடி இறங்கி, சீட்டுக்கு அடியிலும் கால் வைக்கும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். மேலே ஜன்னலை நாலு விரல் திறந்து வைத்தால் அது வெளியேறாது. கீழே கிடக்கும் செல்போன் சார்ஜர் ஒயரோ, கதவைத் திறந்ததும் எரியும் உள்விளக்கோ தேவையான பொறியைக் கொடுத்துவிடலாம். டின்னையோ சிலிண்டரையோ அடுப்பில் மாட்டியபடியே வண்டியில் ஏற்றக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

வாடையே இல்லாத விஷம்

கேஸ் கசிந்தால் மூக்காவது எச்சரிக்கும். நாற்றத்துக்காகவே அதில் ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். அடுப்பு எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது போய் ஒட்டிக்கொள்ளும். ஆள் தூங்கியபடியே போய்விடுவார்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் மலையில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன 8 பேர், அதில் 4 பேர் குழந்தைகள், விடுதி அறைக்குள் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கி இறந்துபோனார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். அங்கே காரணம் ஜெனரேட்டர் புகையிலிருந்து உள்ளே வந்த கார்பன் மோனாக்சைடு. இரண்டு இடத்திலும் தீயும் இல்லை, வெடிச்சத்தமும் இல்லை.

மலைக்குப் போகும் நமக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த விஷத்தின் ஆரம்ப அறிகுறிகள் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறியவருக்கு இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்? "மலை ஏறினது ஒத்துக்கலை, படுத்தா சரியாயிடும்" என்று கதவைச் சாத்திப் படுக்க வைத்துவிடுவோம். அதுதான் கடைசித் தூக்கமாகிவிடும். அடுப்போ கணப்போ எரிந்த இடத்தில் ஒருவருக்குத் தலை வலித்தால், முதல் வேலை எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவருவது. கரி அடுப்பின் தணலை "சாம்பல் பூத்துருச்சே" என்று கூடாரத்துக்குள் இழுத்து வைப்பதும் இதே வகைத் தற்கொலைதான். சாம்பலுக்கு அடியில் கனன்றுகொண்டிருக்கும் கரி, கொழுந்துவிட்டு எரியும் விறகைவிட மோசம்.

மன்னவனூரில் அந்த டின்

இனி என் கண்ணால் பார்த்தது. ஒரு ஜனவரியில் கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர்ப் பக்கம் தங்கியிருந்தோம். விடியற்காலை நாலரை மணி, பல் கிட்டும் குளிர். கேசட் ஸ்டவ் இரண்டில் ஒன்று சிணுங்கிச் சிணுங்கி எரிந்தது. இன்னொன்று பற்றவே இல்லை. டின்னைக் குலுக்கினால் உள்ளே திரவம் சலசலக்கிறது. பால் பொங்கக் காத்திருக்கும் பிள்ளைகள் வேறு.

என் மனைவியின் அண்ணன் பற்றாத அடுப்பின் டின்னைக் கழற்றி, எரிகிற அடுப்பின் தீக்கு மேலே பிடித்தார்.

"மச்சான், என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல மாப்ள, குளிருக்கு உறைஞ்சு போச்சு. லேசா சூடு காட்டினா ஓடும்."

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். டின்னின் அடிப்பாகம் எப்போதும் கிண்ணம் மாதிரி உள்வாங்கி இருக்கும்; அது வெளிப்பக்கம் புடைக்கத் தொடங்கியிருந்தது. அடுப்பை அணைத்து, டின்னைத் திறந்தவெளியில் தூரமாக வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விலகினோம். இன்னும் சில விநாடி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது. அவர் விவரம் தெரியாதவர் இல்லை; இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறவர். பியூட்டேனின் குணத்தை அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் குணம் இதுதான். பியூட்டேன் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. குளிர் அதை நெருங்க நெருங்க அது வாயுவாக மறுக்கும். எரிய எரிய டின்னும் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். அதே டின் சூடானால் அழுத்தம் எகிறும்: 20 டிகிரியில் வெளிக்காற்றின் 2 மடங்கு, 50 டிகிரியில் ஏறக்குறைய 5 மடங்கு. தீயில் காட்டினால் எண்ணிச் சொல்ல நேரம் இருக்காது. டின்களில் 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று அச்சிட்டிருப்பார்கள். அதை மலையில் மட்டுமல்ல, ஒகேனக்கல் உச்சி வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள்ளும் நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே 35 டிகிரி என்றாலே, மூடிய காருக்குள் 50-ஐத் தாண்டிவிடும். பின்கண்ணாடிக்கு அருகில் வெயில் படும்படி டின் கிடந்தால் அதைவிட மோசம்.

ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குப் போகிறவர்கள் வெறும் பியூட்டேன் டின்னை நம்பாதீர்கள். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த டின், அதற்குப் பொருந்தும் அடுப்பு என்று கேட்டு வாங்குங்கள். ஐசோபியூட்டேன் சுமார் மைனஸ் 12 டிகிரியிலும், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும்கூட வாயுவாகும். வேறு வழியில்லாமல் பியூட்டேன்தான் கையில் இருந்தால், டின்னைக் கம்பளிக்குள் சுற்றி உள்ளங்கைச் சூட்டில் வைத்திருங்கள். அதற்கு மேல் சூடு வேண்டாம்.

எதை வாங்குவது?

*2 முதல் 4 பேர். டீ, உப்புமா, முட்டை:* கேசட் ஸ்டவ் போதும். தாழ்வாக, அகலமாக உட்காரும், சரியாது. வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். டின்னைப் பூட்டும் லீவர் இறுக்கமாக விழுகிறதா? டின்னில் அழுத்தம் ஏறினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் வசதி இருக்கிறதா? தீக்கும் டின் அறைக்கும் நடுவே தகட்டுத் தடுப்பு இருக்கிறதா? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த அடுப்பு வேண்டாம்.

டின்னின் கழுத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அது மேல்பக்கம் பார்க்கும்படிதான் பொருத்தவேண்டும். உள்ளே வளைந்த குழாய் ஒன்று, டின் படுத்திருக்கும்போது மேலே நிற்கும் வாயுவை மட்டும் எடுக்கும்படி வைத்திருக்கிறார்கள். தலைகீழாகப் பொருத்தினால் திரவமே பர்னருக்கு வந்து, நெருப்பு முகத்துக்கு எழும்பும்.

நம் வீட்டுச் சமையலுக்கே உரிய ஆபத்தும் இங்கே ஒன்று உண்டு. அகலமான இரும்புத் தோசைக்கல், பிரியாணிக் குண்டான் இரண்டையும் கேசட் ஸ்டவ்வில் ஏற்றாதீர்கள். கல் டின் அறைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் சூடு நேரே டின்னில் இறங்கும். இரண்டு ஸ்டவ்வை ஒட்டிவைத்து மேலே ஒரே பெரிய கல்லைப் போடுவதும், காற்றுக்குத் தடுப்பு என்று அடுப்பைச் சுற்றித் தகரத்தால் மூடுவதும் இதே விபரீதம்தான். காற்று வரும் ஒரு பக்கம் மட்டும் மறையுங்கள். டின் பக்கம் எப்போதும் திறந்திருக்கட்டும்.

*தனியாள், வெந்நீர் மட்டும்:* டின்னின் தலையிலேயே திருகும் சின்ன பர்னர் மலிவு, எடையும் இல்லை. ஆனால் குக்கரை அதன்மேல் வைத்தால் ஒற்றைக்கால் கொக்குதான். வண்டியில் போகிறவருக்கு எடை ஒரு கவலையே இல்லையே! டியூப் வைத்து டின்னைத் தள்ளி நிறுத்தும், மூன்று கால் பரப்பி உட்காரும் பர்னரை வாங்குங்கள்.

*8 பேருக்கு மேல்; சோறு, குழம்பு:* கேசட் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டாதீர்கள். எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டரை, முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை மட்டும் காட்டி ஏஜென்சியிலேயே வாங்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள டியூபும் ரெகுலேட்டரும் தரையில் உட்காரும் அடுப்பும் சேர்த்து, வண்டியிலிருந்து தள்ளிச் சமமான தரையில் வையுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்கவேண்டும், படுக்கவைத்துக் கொண்டுபோகக்கூடாது. ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வில் மூடி போட்டு, உருளாதபடி கயிற்றால் கட்டுங்கள்.

சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர்; இலக்கம் வருடம். பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனை செய்யவேண்டும். தேதி தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

*மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்:* குளிருக்கு அஞ்சாது என்பது உண்மை. ஆனால் பம்ப் அடித்து, முள் குத்தி, பதம் பார்த்து எரிக்கத் தெரிந்த கைகள் இன்று குறைவு. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று யாராவது பெட்ரோலை ஊற்றிவிட்டால் அடுப்பு வெடிகுண்டாகிவிடும். பழக்கம் இல்லாதவர்கள் தொடவேண்டாம்.

*கரண்ட் அடுப்பு:* தீயே இல்லை என்பதால் நல்ல யோசனைதான். ஆனால் காரின் லைட்டர் பிளக்கில் இண்டக்‌ஷன் ஓடாது. அந்த 12 வோல்ட் பிளக் அதிகபட்சம் 120 முதல் 180 வாட்தான் தரும். இண்டக்‌ஷன் கேட்பது 1,200 முதல் 2,000 வாட். இன்வெர்ட்டரை லைட்டர் பிளக்கில் சொருகி இண்டக்‌ஷனை ஓட்டப்பார்த்தால் ஃபியூஸ் போகும், ஒயர் சூடாகும். அதற்கென்றே செய்த பெரிய பேட்டரிப் பெட்டி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

வாங்கவே கூடாதவை

"இந்த அடாப்டரை மாட்டுங்க சார், வீட்டு சிலிண்டர்ல இருந்தே டின்னை ரொப்பிக்கலாம். டின் காசு மிச்சம்!" கடைக்காரர் ஆசை காட்டினால் அந்த இடத்தைவிட்டு நகருங்கள்.

டின் பியூட்டேனுக்காகச் செய்த மெல்லிய தகடு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடவேண்டியது. வீட்டு கேஸில் புரொப்பேனும் கலந்திருக்கிறது. 20 டிகிரியில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைப்போல 4 மடங்கு. அந்த மெல்லிய டின் இதைத் தாங்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? அதோடு, எந்தப் பாத்திரத்திலும் கேஸை முழுக்க நிரப்பக்கூடாது. சூட்டில் திரவம் விரிய மேலே இடம் விட்டே ஆகவேண்டும். கையால் ரொப்புகிறவருக்கு அந்த இடம் எவ்வளவு என்று தெரியாது. இடமில்லாமல் நிரம்பிய டின் வெயிலில் பிளந்துகொள்ளும்.

சந்துக் கடைகளில் கிடைக்கும் 2 கிலோ, 3 கிலோ முத்திரையில்லாக் குட்டிச் சிலிண்டர்களுக்கும் இதே கதைதான். வீட்டுச் சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு கேஸ் மாற்றுவது சட்டப்படியும் குற்றம். மிச்சமாகும் காசு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்குக்கூட வராது.

காடு என்பது நம் கொல்லைப்புறம் அல்ல

2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்களைக் காட்டுத்தீ வளைத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாக ஓடி எரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். காப்புக் காட்டில் தீ மூட்டுவது குற்றம். கேஸ் அடுப்பின் தீயும் தீதான். அனுமதி பெற்ற முகாம் இடத்தில், சருகைக் கூட்டித் தள்ளி, மண்தரை தெரிந்த பிறகுதான் அடுப்பை வைக்கவேண்டும்.

கிளம்பும் முன் சரிபார்க்க

• வீட்டு மொட்டைமாடியிலோ திறந்த முற்றத்திலோ ஒருமுறை அடுப்பை ஏற்றிப் பாருங்கள். தீ நீலமாக எரியவேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் அடுப்பில் கோளாறு.

• கசிவைச் சோப்பு நுரையால் மட்டும் சோதியுங்கள். தீக்குச்சியும் லைட்டரும் கூடவே கூடாது.

• டின்கள் அடுப்பிலிருந்து கழற்றி, மூடி போட்டு, வெயில் படாத இடத்தில் இருக்கவேண்டும். நிறுத்திப் பூட்டும்போது நிழலில் நிறுத்துங்கள்.

• உலர்பொடித் தீயணைப்பான் ஒன்று, டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டும். சாமான்களுக்கு அடியில் கிடந்தால் இல்லாததற்குச் சமம்.

• அடுப்புக்குப் பொறுப்பு என்று ஒருவரை நியமியுங்கள். டின்னை மாற்றுவது, அணைப்பது, எண்ணி எடுத்துவைப்பது அவர் ஒருவர் மட்டும்.

• ஓடும் வண்டியில் கேஸ் வாடை வந்தால் ஓரங்கட்டி, எல்லோரும் இறங்கி, எல்லாக் கதவையும் அகலத் திறந்து விலகி நில்லுங்கள். வாடை முழுக்கப் போகும்வரை எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், சாவியைத் திருப்பாதீர்கள். கேஸ் கசிவு அவசரத்துக்கு 1906, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

மழை வந்தால்?

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்கிறவரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அது மழை. அரிசி உலையில் இருக்கும். குழந்தை பசியில் சிணுங்கும். படீரென்று மழை கொட்டும். அப்போது யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள்: "பின்கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உள்ளயே வச்சிரலாம் சார், பத்தே நிமிஷம்!" மதுரையில் அந்தப் பெட்டிக்குள் தேநீர் போட முனைந்தவர்களும் சில நிமிட வேலை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்த நேரத்தில் "வேண்டாம்" என்று சொல்ல மன உறுதி மட்டும் போதாது. கையில் வேறு சோறு இருக்கவேண்டும். நம் பாட்டிமார்கள் வண்டி கட்டிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது புளியோதரையும் எள்ளுப்பொடி இட்லியும் கட்டிக்கொண்டு போனார்கள். நீங்களும் எத்தனை நல்ல அடுப்பு வாங்கினாலும், பயணத்தில் ஒரு வேளைக்கான கட்டுச்சோற்றையும் ஒரு பிளாஸ்க் வெந்நீரையும் தனியாக எடுத்து வையுங்கள். அது மழை வேளைக்கானது. மழை கொட்டும்போது அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, டின்னைக் கழற்றி வைத்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்துப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பிடி கொடுங்கள். பசியும் அடங்கும், எல்லோரும் பத்திரமாக வீடும் வந்துசேர்வீர்கள்.